தலையாட்டலுக்கு மசியாத மர்ஜானா அக்காவுக்கு

செவித்திறன் பிரிவின் செல்வமே! சினத்திலும் சிறந்தவரே! கேளாச் செவிகளுக்கு ஒலியையும், கேட்கும் எங்கள் செவிகளுக்குத் திட்டையும் குறைவின்றி வழங்கிய கொடையே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய மர்ஜானா அக்கா அவர்களே!

"பிரியாவிடை மடல்ல சும்மா புகழ்ந்து எழுதுனீங்கன்னா ஃபிரேமோட திருப்பிக் கொடுத்துருவேன்" என்று தாங்கள் முன்கூட்டியே மிரட்டிவிட்டதால், பண்பு, பணிவு, பொறுமை என்று அடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டோம். தங்களுக்குப் பொறுமை உண்டு என்று எழுதினால் ஜார்ஜ்டவுனே சிரிக்கும். ஆகவே அந்தப் பொறுமை பறிபோன கதை ஒன்றையே மடலாக்கித் தங்கள் முன் வாசிக்கிறோம்.

டத்தோ கிராமாட் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்தும் கமாலுதீன் அண்ணன், காது அறவே கேளாமல் போய், அறுவை சிகிச்சை செய்து காக்ளியர் கருவி பொருத்திக்கொண்டவர். மகள் நூர் ஃபாத்திஹாவின் நிக்காஹைத் தாமே நடத்திக்கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளும் சொல்லைத் தம் காதால் கேட்க வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை. ஆனால் கருவியின் ஒலி அளவைச் சரிசெய்யத் தாங்கள் உட்காரும்போதெல்லாம், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டி, "ஓகே லா தங்கச்சி, நல்லா இருக்கு" என்பார். வீட்டுக்குப் போனதும் கருவியின் வெளிப்பாகத்தைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். அவர் மனைவி வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடையில் ஒரு தட்டு விழுந்தால் தலைக்குள் ஆணி அடித்தது போல இருந்ததாம். தமக்காக இவ்வளவு பாடுபடும் தங்களிடம் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம்.

அன்று தாங்கள் போட்ட சத்தம் கார் நிறுத்துமிடம் வரை கேட்டது. கருவியைக் கழற்றியிருந்த அண்ணனுக்கு மட்டும் கேட்கவில்லை. அதை மாட்டச் சொல்லி, முதலிலிருந்து மறுபடியும் திட்டினீர்கள்.

"கறியில உப்பு ஜாஸ்தியா இருக்கையில, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மறுநாள் வேற கடைக்குப் போற ஆளை உங்களுக்குப் புடிக்குமா அண்ணே? சத்தம் ஜாஸ்தின்னா ஜாஸ்தின்னு சொல்லித் தொலைங்களேன்!"

அப்படிப்பட்ட ஆட்களை அண்ணன் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்கள் மேல் அவருக்குத் தீராத கடுப்பும் உண்டு. கடைசியில், "ஜாஸ்திதான் தங்கச்சி. மொதல்லேர்ந்தே ஜாஸ்தி" என்றார். பிறகு ஒவ்வோர் ஒலியாக ஏற்றியும் இறக்கியும், அவர் 'நல்லா இருக்கு' என்றாலே சந்தேகப்பட்டுத் திரும்பக் கேட்டும், எங்கள் அத்தனை பேர் உயிரையும் வாங்கினீர்கள்.

நிக்காஹ் அன்று, மாமனாருக்குக் காது கேட்காது என்று மாப்பிள்ளை இக்மலிடம் யாரோ ஓதிவிட்டிருந்தார்கள். அவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒப்புதல் சொல்லைக் கத்தித் தீர்த்தார். சபையே திகைத்தது. அண்ணன் முகம் சுளித்தார். காஜியாரும் சாட்சிகளும் பார்த்திருக்க, "தம்பி, சத்தம் ரொம்ப ஜாஸ்தி. மெதுவாச் சொல்லுங்க, எனக்குக் கேக்கும்" என்றார்.

மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். "கேட்டுச்சு" என்றார் அண்ணன். பெண்கள் வரிசையில் எங்களோடு உட்கார்ந்திருந்த தாங்கள் வாய்விட்டு அழுதீர்கள். அந்த அழுகைக்கு ஈடான பட்டம் எதுவும் எங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

'மகிழ்வோடு விடை தருகிறோம்' என்று இந்த இடத்தில் எழுத வேண்டுமாம். எழுத மாட்டோம். தாங்கள் போவது எங்களுக்குக் கொஞ்சமும் சரிப்படவில்லை, அக்கா. நோயின்றி, நெடுங்காலம், இதே கோபத்தோடு வாழ்க!

தங்களிடம் திட்டு வாங்கிய,
செவித்திறன் பிரிவுப் பணியாளர்கள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.