மூணாவது கியர் விழுந்த கதை

கொஞ்சம் சலசலப்பை நிறுத்துனீங்கன்னா ஒரு சின்னக் கதை சொல்லிப்போடுவேன் கண்ணுகளா... இன்னிக்குக் காலையில மாலை மாத்திக்கிட்டு வரிசையா உக்காந்திருக்கற ஜோடிகளுக்குத்தான் இந்தக் கதை. பின்னாடி உக்காந்திருக்கற மாமியாருங்களும் காதைத் தீட்டிக்குங்க. புராணக் கதை இல்லைங்க. கார் கதை!

எம் மக இந்திராணியும் மாப்பிள்ளை சென்னியப்பனும் கோயமுத்தூர்ல கார் பட்டறை வெச்சிருக்காங்க. ரெண்டு பேர் கையிலயும் எப்பவும் கிரீஸ்தான். அவங்க கிட்ட ஒரு குட்டிக் கார் இருக்குது. பார்க்கத்தான் குட்டி, மிதிச்சா சீறும். செட்டிபாளையத்துல ரேஸ் மைதானம் இருக்குதில்லைங்களா? அங்க எப்பவாவது ஒரு நாள் சாதாரண ஆளுங்களும் சொந்தக் காரைக் கொண்டு போய் வேகமா ஓட்டிப் பார்க்கலாம். ட்ராக் டேன்னு பேரு. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. ஆசை தீர ஓட்டறது, அவ்வளவுதான். எப்பவும் மாப்பிள்ளை ஓட்டுவாரு, எம் மக ஓரமா நின்னு டயரைத் தொட்டுப் பார்ப்பா. இந்தத் தடவை அவரே சொன்னாரு... "நீ ஓட்டு இந்திராணி." அவ முகத்தைப் பார்க்கணுமே!

ஆனா கியர் பெட்டி கெட்டுக் கிடந்துச்சு. மூணாவது கியர் போட்டா கத்தும். ரெண்டு பேருமா பெட்டியை இறக்கி, பிரிச்சு, தேஞ்சு போன பித்தளை வளையத்தையெல்லாம் மாத்தி, பேரிங் மாத்திப் பூட்டுனாங்க. கடைசியா எண்ணெய். மாப்பிள்ளை ஒரு டப்பாவைத் தூக்கிட்டு வந்தாரு. "இதைவிட ஒசத்தி கிடையாது. எப்படி வழவழன்னு இருக்குது பாரு!"ன்னு ஊத்துனாரு. அந்தப் பெட்டிக்கு அது ஆகாதுன்னு எம் மகளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாளா?... திறக்கலை.

ஏன் திறக்கலை? அவ கல்யாணப் பந்தியில பாயசம் ஊத்தறப்போ எங்க சம்பந்தியம்மா... மாம்பழக் கலர் பட்டு, அரக்கு பார்டர்... எம் மக காதுகிட்டக் குனிஞ்சு என்ன சொன்னாங்க? "எங்க வீட்டுப் பொம்பளைங்க எதிர்த்துப் பேசறதில்லை அம்மிணி. அதனாலதான் எங்க வீட்டுல சண்டைங்கற சத்தமே கேக்காது." நான் பக்கத்து இலை. ஒரு எழுத்து மறக்கலை. மறக்கவும் மாட்டேன்!

சரி, அந்த நாள் வந்துச்சு. நானும் கூடப் போனேன்; வழியில மெதுவா ஓட்டுனதால கியர் கோளாறு ஒண்ணும் தெரியலை. எம் மக ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. நேர் ரோட்டுல மூணாவதுக்குத் தள்ளறா... கர்ர்ர்ர்! ஓரத்துல நிக்கற எனக்கே பல்லு கூசுது. கியர் விழவே இல்லை. கையைக் காட்டிக்கிட்டு ஓரங்கட்டிட்டா. அங்க கொடி காட்டறவரு வந்து சொல்றாரு: "அக்கா, இப்படியே திரும்ப உள்ள விட முடியாதுங்க. சரி பண்ணுனீங்கன்னா மத்தியானம் கடைசியா விடறோம். இல்லைன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிருங்க."

மாப்பிள்ளை தலையில கை வெச்சுட்டாரு. "வளையம் டூப்ளிகேட் போல. பெட்டியை மறுபடி பிரிக்கணும். அடுத்த தடவை பார்த்துக்கலாம் இந்திராணி."

அடுத்த தடவையாம்! அப்பத்தான் எம் மகளுக்கு வாய் வந்துச்சு.

"வளையத்துல ஒண்ணுமில்லைங்க. நீங்க ஊத்துன எண்ணெய்தான் தப்பு."

"என்னது? எப்பத் தெரியும் உனக்கு?"

"நீங்க மூடியைத் திறக்கறப்பவே."

"அடிப்பாவி! அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"எதிர்த்துப் பேசற மாதிரி ஆயிருமேன்னு..."

"எவ சொன்னா அப்படி?"

நான் வாயைத் திறக்கலைங்க. என் ஆயுசுலயே நான் பட்ட பெரிய கஷ்டம் அதுதான்!

"உங்கம்மாதான்."

"எங்கம்மாவா வந்து கியர் போடப் போறாங்க? இப்ப இந்தப் பொட்டல்ல சரியான எண்ணெய்க்கு எங்க போறது?"

எம் மக போய் டிக்கியைத் திறந்தா. புளிசோத்துப் பை. அதுக்கடியில ஒரு சாக்கு. சாக்குக்குள்ள... சரியான எண்ணெய் டப்பா!

மாப்பிள்ளைக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சாக்குல கட்டித் தூக்கிட்டு வரத் தெரியுது, வாயில சொல்லத் தெரியலையா!"

ரெண்டு பேரும் காருக்கு அடியில படுத்துட்டாங்க. எண்ணெய் வடியுது, சண்டையும் நடக்குது. "ஸ்பேனரைக் குடு." "பார்த்துங்க, சுடும்!" "எனக்குத் தெரியும்." "ஆமாமா, உங்களுக்குத்தான் எல்லாந் தெரியும்!" வெளிய நாலு கால் மட்டும்தான் தெரியுது. கொஞ்ச நேரத்துல அந்த நாலு காலும் குலுங்குது. அய்யோ, என்ன ஆச்சோன்னு குனிஞ்சு பார்க்கறேன்... சிரிக்கறாங்க!

மத்தியானம் மறுபடி கிளம்புனா. நேர் ரோடு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். கர்ர்ருங்கும், கர்ர்ருங்கும்னு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்... வரலை. இஞ்சின் சத்தம் ஒரு மூச்சு தணிஞ்சுது, மறுபடி ஏறுச்சு. "விழுந்துருச்சு அத்தை! மூணு விழுந்துருச்சு!"ன்னு மாப்பிள்ளை குதிக்கறாரு. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. அங்க கிடந்த டயர் மேலயே உக்காந்துட்டேன்.

அப்பறம் மாப்பிள்ளை விளக்கிச் சொன்னாரு. பெட்டிக்குள்ள சக்கரங்க வேற வேற வேகத்துல சுத்துமாம். அப்படியே சேர்த்தா பல்லும் பல்லும் மோதும். அதனால அந்தப் பித்தளை வளையம் நடுவுல போய் உரசும். உரசி, ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டாந்துட்டுத்தான் சேர்த்து விடும். எண்ணெய் ரொம்ப வழவழன்னு இருந்தா? வளையத்துக்குப் புடி கிடைக்காது. உரசாது. உரசலைன்னா... கர்ர்ர்!

புரியுதுங்களா? அது உரசுனதால வந்த சத்தமில்லை. உரசாததால வந்த சத்தம்!

நீங்க மட்டும் என்ன? ரெண்டு வீட்டுல, ரெண்டு வேகத்துல வளர்ந்தவங்க. இன்னைக்குச் சேர்த்து விட்டிருக்கோம். தப்புன்னு பட்டா தப்புன்னு சொல்லுங்க. முகத்துக்கு நேரா சொல்லுங்க. கேக்கறவனும் கேளு... உன் மேல அக்கறை இருக்கறவதான் மெனக்கெட்டுச் சண்டைக்கு வருவா. ஆனா ஒண்ணு, கை நீட்டறதுக்குப் பேரு உரசல் இல்லை. கை நீட்டுனா என் கிட்ட வந்து சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.

மாமியாருங்களே, "சத்தமே இல்லாத வீடு"ன்னு பெருமை பேசாதீங்க. அந்த வீட்டுல எவ எதை முழுங்கிக்கிட்டு இருக்கறாளோ, யாருக்குத் தெரியும்?

சண்டை போடுங்க கண்ணுகளா. போட்டு முடிச்சுட்டு ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. நல்லா இருப்பீங்க.