செவ்வாய்க்கிழமைப் புகை

மண்ணெண்ணெய் ஸ்டவ் புகைகிறதென்று புது ஸ்டவ் வாங்கிய புத்திசாலி நான். இப்போது அதுவும் புகைகிறது. அதனால்தான், திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து ‘புகை’ என்ற சொல் வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன். கே.ஜி.கண்டிகை விவசாயி ஒருவர், ரயில்வேயில் ஃபிட்டராக இருக்கும் தன் மனைவியின் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“செவ்வாய்க்கிழமை ஆனா டிராக்டரு நீலமா புகையுது மச்சான். வியாழக்கிழமை புகை தானா நின்னுடுது. மெக்கானிக்கு இஞ்சினையே பிரிக்கணும்ன்றான். பேசாம வித்துடலாம்னு இருக்கேன்.”

“இருங்க பாவா. செவ்வாய்க்கிழமை வண்டிய என்ன பண்றீங்க?”

“முருகன் நாளாச்சே. கழுவி, பொட்டு வெச்சி, காத்து ஃபில்டர் கிண்ணத்துல புது ஆயில் ஊத்துவேன்.”

“எவ்ளோ?”

“தளும்பத் தளும்ப. அதுல போயி கஞ்சத்தனம் பண்ணுவனா?”

“கிண்ணத்துல ஒரு கோடு இருக்குமே?”

“ஆங், இருக்குது. அதுக்கும் மேல ரெண்டு விரல்.”

“எங்கக்கா கொழம்புல ஊத்தற எண்ணெய்க்குக் கணக்கு பாப்பீங்க, இதுக்கு மட்டும் தாராளம். கோட்டுக்கு மேல இருக்கறத இஞ்சின் காத்தோட சேத்து உறிஞ்சிகினு புகையுது பாவா. ரெண்டு நாள்ல குடிச்சி முடிச்சதும் புகை நின்னுடுது. கோட்டோட நிறுத்துங்க. விக்க வாணாம்.”

விவசாயி ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பேனரைத் தொடாமல், வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், மூன்றே கேள்வியில் ஒரு டிராக்டரைக் காப்பாற்றிய மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. மனசு கேட்காமல் அவர் தோளைத் தொட்டு என் இரண்டு ஸ்டவ்களின் கதையையும் சொன்னேன்.

“திரியை எறக்குங்க சார்.”