போணி செய்யும் கை

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்தக் கையை வைத்துக்கொண்டு தி. நகரில் பட்டுப்புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன் என்றால் என் துணிச்சலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டில் வியர்வை பட்டால் கறை. அதனால் முதலாளி சுப்புராயன் எனக்கு வெள்ளைக் கையுறை மாட்டி, விற்ற புடவையை மடித்துப் பையில் போடும் மேஜையில் நிறுத்தினார். டிராபிக் போலீஸ் மாதிரி ஏழு வருஷம் நின்றேன்.

இப்போது நான் மேலாளர். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முன்னேறுவது எப்படி என்று நாளை பேச வேண்டுமாம். அங்கே சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை முதலாளியின் மகள் ஷீலா அடையாறிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தார். நிறுவனத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார் அவர். எல்லோரும் 'மூன்றாம் மாடி' என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் மட்டும் யோசித்தேன். காகிதத்தில் மேற்பார்வையாளர், மேலாளர் என்று ஆயிரம் இருக்கட்டும். எங்கள் கடையின் உண்மையான வரிசை காலை பத்து மணிக்குத் தெரிந்துவிடும். முதல் போணியை முதலாளி யார் கையால் செய்யச் சொல்கிறாரோ, அவர்தான் முதலாளிக்கு அடுத்த ஆள். இருபது வருஷமாக அது முருகையன் அண்ணன். அப்படி ஒரு கைராசி. அடுத்த மேலாளரும் அவர்தான் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

தங்கமான மனிதர். மதியம் என் டப்பாவை எட்டிப் பார்ப்பார். "இன்னா நைனா, இன்னிக்கும் தயிர் சோறுதானா?" என்று தன் மீன் வறுவலில் ஒரு துண்டை எடுத்து வைப்பார். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. அவர் நின்ற இடம்தான் வேண்டியிருந்தது.

ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்தேன். அவர் விற்ற போணிப் புடவை என் மேஜைக்குத்தானே வரும். உள் மடிப்பில் பிளேடால் சின்னதாக ஒரு கீறல், அவ்வளவுதான். இரண்டொரு நாளில் புடவை திரும்பி வந்துவிடும். போணிச் சரக்கு திரும்பினால் கடைக்கு ஆகாது என்று முதலாளி நம்புகிறவர். ஒரே மாதத்தில் ஐந்து திரும்பின. முதலாளி நெசவாளர்களைத் திட்டினார். நான்தான் மெதுவாக, "முருகையண்ணன் பாவம் சார், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. நேரம் சரியில்ல, அவரு இன்னா பண்ணுவாரு?" என்றேன். அதுவரை அவரை யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. அவர் நீட்டிய டீயை வாங்க ஆட்கள் தயங்கினார்கள். அவரைக் கீழே குடோனுக்கு அனுப்பினார்கள். "அவனுக்காகப் பரிஞ்சு பேசினியே, நல்ல மனசுடா உனக்கு. நீ தொடு பாக்கலாம்," என்றார் முதலாளி. கையுறையோடு போணி செய்தேன். அந்தப் புடவை திரும்பவில்லை. திரும்பாது என்று எனக்குத் தெரியுமே.

முந்தாநாள் முருகையன் அண்ணனின் மகள் சுலோச்சனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி கேட்டதும் கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

"தூக்கிக்கோ நைனா," என்று சுலோச்சனா அழுதாள்.

"வேணாம்மா. என் கை வேணாம்."

என்னைப் பார்த்ததும்தான் அவர் முகம் மலர்ந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், மனைவியைச் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னார். முதல் சொட்டை வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை.

"நீ வையி செம்பியா. நம்ம கடையிலயே ராசியான கை உன்னுதுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு. விரலை நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தேன், சப்புக்கொட்டியது. பிறகுதான் கவனித்தேன், கையுறை இல்லாமலே என் உள்ளங்கை துளிகூட வியர்க்கவில்லை. அண்ணன் பொய் சொல்ல மாட்டார். ராசியான கைதான்.