காரா பானி

"ஹலோ... ஹலோ, தாவூத் பாய் கடைதானே? நான் மரைன் ஹில் கோவிந்தராஜ்... ஆமா, ஆமா, காண்ட்ராக்டர்தான். பாய், ஒரு மூக்கு என்ன விலை?... மூக்கு பாய், மூக்கு. மூஞ்சிக்கு நடுவுல இருக்குமே... நான் ஏன் விளையாடப் போறேன்? உங்க கடையில இல்லாத சாமானே கிடையாதுன்னு சொல்லுவீங்களே. நல்லதா ஒண்ணு எடுத்து வைங்க. என்னோடது போச்சு."

கோவிந்தராஜ் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். பேச்சு அதில் வடிகட்டித்தான் வெளியே வந்தது. கொல்லையில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் இரும்பு கடைய அவர் வாங்கிய லேத். ஜன்னல்களையெல்லாம் சாத்தியும் அங்கிருந்து வந்த நாற்றம், கடன் கேட்க வந்த உறவுக்காரனைப் போல, கூடத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"அதேதான்... நீங்க குடுத்த கூலண்ட் எண்ணெய்தான். தண்ணியில கலந்து ஊத்துங்க, இரும்பு கடையறப்ப சூடே ஏறாதுன்னீங்க. இரும்புக்கு ஏறலை, எனக்கு ஏறுது... என்னது? அழுகின முட்டையா? சீச்சீ, இதுக்கு முன்னாடி அழுகின முட்டை அத்தர் பாய்! கரையில செத்து ஒதுங்கின ஆமையை வெயில்ல காயப்போட்டு, அது வயித்தைக் கிழிச்சா எப்படி இருக்கும்?... சாப்பிட்டுட்டு இருக்கீங்களா? சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நான் சோத்தைப் பாத்தே மூணு நாளாச்சு."

"...ஆமா... பால் மாதிரி வெள்ளையா நிக்கும்னு சொன்னீங்க இல்ல? நிக்கலை. திரிஞ்சு போச்சு. மேல கருப்பா ஒரு ஏடு, நடுவுல புளிச்ச மோரு, அடியில சாக்கடை. பல்லி ஒண்ணு மிதக்குது. விழுந்து செத்துச்சா, வாடை தாங்காம செத்து விழுந்துச்சான்னு தெரியலை. லேத் பூரா செவசெவன்னு துரு... த்தூ! பேசினாலே தொண்டைக்குள்ள இறங்குது."

துண்டை ஒரு கணம் விலக்கி ஜன்னல் பக்கம் துப்பப் போனார். ஜன்னல் சாத்தியிருந்தது நினைவுக்கு வர, துப்பாமலே விழுங்கினார். அதற்காக இன்னொரு முறை முகம் சுளித்தார்.

"கேளுங்க, கேளுங்க... தண்ணியிலதான் எண்ணெயை ஊத்தினேன், எண்ணெயில தண்ணியை ஊத்தலை. நீங்க சொன்ன முறைதான்... ஆமா, ஒண்ணுக்கு இருபது... எடுத்தேனே! மிஷின்லேர்ந்து வடியற எண்ணெய் மேல வந்து மிதக்கும், தினம் வழிச்சு எடுங்கன்னீங்க, எடுத்தேன். கரண்டியாலதான்... எந்தக் கரண்டியா இருந்தா உங்களுக்கு என்ன?... பாயசக் கரண்டி. போதுமா?... வீட்டுக்காரிக்குத் தெரியும். தெரிஞ்சதுலேர்ந்துதான் பாதி சண்டை."

இங்கே அவர் குரல் தணிந்தது.

"மீதி சண்டையா? அதை ஏன் கேக்கறீங்க. மங்கை காலையில பெட்டியைக் கட்டிட்டா பாய். சாயங்காலம் தீவை விட்டு மெட்ராஸ் கப்பல்ல ஏறிடுவாளாம். போனது போனதுதானாம்... இல்ல, இப்ப எங்க இருக்காளோ தெரியலை. அவ அக்கா வீட்லதான் இருப்பா... நாத்தத்துக்காக இல்ல. முதல் நாளே மூக்கைப் பொத்திட்டு வந்தா. எனக்கு ஒண்ணும் வரலையே, உன் மூக்குலதான் கோளாறு, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிட்டேன்... வந்துச்சு பாய்! வராம? மல்லாந்து படுத்தா மல்லாந்து வந்துச்சு, குப்புறப் படுத்தா குப்புற வந்துச்சு. ஆசையா வாங்கின லேத். நாத்தம்னு ஒத்துக்கிட்டா தூக்கி எறிங்கம்பாளேன்னு... ஆமா... ஆமா, பத்து நாளும் அதையேதான் சொன்னேன். மூணு நாளா அவ பேச்சை நிறுத்திட்டா. அதுக்கு அந்த நாத்தமே தேவலை."

"...அதை விடுங்க. உங்க எண்ணெய் மட்டம். ஒத்துக்குங்க... தண்ணியா? தண்ணிக்கு என்ன? நீங்க சொன்ன தண்ணிதான். அரே, நீங்கதானே பாய் சொன்னீங்க, தண்ணி கொஞ்சம் காரமா இருக்கணும், அப்பதான் துருவும் பிடிக்காது, கெட்டும் போகாதுன்னு? நான் நம்ம தண்ணி கொண்டாற ராஞ்சிக்காரன்கிட்ட, 'காரா பானி லாவோ'ன்னேன். ஃபீனிக்ஸ் பேயில இறங்கி, நல்ல கடல் தண்ணியா ரெண்டு டின் மொண்டு வந்தான்."

கோவிந்தராஜ் ரிசீவரை ஒரு தட்டுத் தட்டினார்.

"பாய்?... ஹலோ? லைன் இருக்கா?... ஏன் பேச மாட்டேங்கறீங்க? எனக்கும் முதல்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், உப்புல போட்டது எது கெடுது? கருவாடு கெடுதா, ஊறுகா கெடுதா?... என்ன? காரம்னா உப்பு இல்லையா?... சோடாவா?... துணி வெளுக்கற சோடாவா? அதுல ஒரு சிட்டிகையா?"

கோவிந்தராஜ் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாக மேஸ்திரியிடமும் மீன்காரியிடமும் ஹிந்தியிலேயே பேசிப் பேசி, பாய் தமிழில் சொன்ன 'காரம்' அவர் காதில் உப்பு என்கிற ஹிந்தி 'காரா'வாகவே விழுந்திருக்கிறது.

"...ஆமா. ஆமா... இரும்பு மேல கடலைத்தான் ஊத்தியிருக்கேன். அதுவும் கப்பல் நிக்கற ஜெட்டிக் கடலை. சிரிக்காதீங்க பாய்... சரி, சொல்லுங்க. மொத்தத்தையும் வெளியேத்தி, குழி வெட்டிப் புதைக்கணும்... ம்... வெந்நீர்ல சோடா கரைச்சுத் தொட்டியைத் தேய்க்கணும், குழாயையும் கழுவணும்... ம்... தகரத்துலேர்ந்து வடியற மழைத்தண்ணியைப் பிடிச்சு... அது நிறைய இருக்கு... புது எண்ணெய். தினம் ஒரு தடவை கலக்கி விடணும். ராத்திரி மூடாம காத்தாட விடணும்... கையாலயா? அந்தச் சகதியில கையையா விடணும்? உவ்வே... சரி, சரி, விடறேன்."

"...இருங்க. சிரிக்காதீங்கன்னேன்ல... நீங்க சிரிக்கலையா? அப்ப அது யாரு? பொம்பளைச் சிரிப்பு கேக்குது... உங்க வீட்டு ஜன்னத் பீவி இப்படிச் சிரிக்க மாட்டாங்களே."

அவர் கை தானாக மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்தது.

"பாய்... மங்கை அங்கயா இருக்கா?... எண்ணெய் வித்ததுக்குத் திட்ட வந்தாளா?... எப்பலேர்ந்து?... மூக்கு விலை கேட்டேனே, அப்பலேர்ந்தேவா?... ஐயோ, எல்லாத்தையும் கேட்டாளா? மல்லாந்து வந்ததையுமா?... யா அல்லான்னு நீங்க சொல்லாதீங்க, நான்தான் சொல்லணும்."

"...என்ன சொல்றா?... ம்... ம்... சரின்னு சொல்லுங்க. ஆமா, அவ மூக்குல ஒரு கோளாறும் இல்ல. சத்தமா சொல்லணுமா? அவ மூக்குல ஒரு கோளாறும் இல்ல!... பக்கத்து வீட்டுல கேக்கட்டும்... டிக்கெட்டைத் திருப்பிக் குடுப்பாளாமா?... வந்து மோந்து பாத்துட்டுத்தானா? கப்பல் எத்தனை மணிக்கு? அதுக்குள்ள நான் முழங்கை வரைக்கும்... சரி பாய், கணக்கை முடிச்சுக்குவோம். எண்ணெய் நல்லது, அது உங்க வரவு. தண்ணி என் தப்பு, அது என் பற்று. மூக்கு விஷயத்துல அவளுக்குக் குடுக்க வேண்டியதை இப்பத்தான் சத்தமா குடுத்தேன். பாயசக் கரண்டி ஒண்ணு புதுசா நான் வாங்கித் தரணும். ஆக பாக்கி நிக்கறது ஒரே ஒரு பெண்டாட்டி. சாயங்காலத்துக்குள்ள வாடை போச்சுன்னா வரவு, போகலைன்னா... ஹலோ?... பாய்?... ஹலோ?"