விலக்குப் பட்டியல்

உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் ஒன்றரை கிலோவாட். பார்க்காமலே சொல்லிவிடுவேன், பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. நீங்கள் கோட்டைக் கழற்றாமல் இருப்பதைப் பார்த்தால் அதைக் குறைவாக வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்காக அப்படிச் செய்ய வேண்டாம். கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்கிறேன். என் பெயர் எசென். பிஷ்கெக்கில், தெற்குக் குடியிருப்பின் மின்சோதனைக்குப் பொறுப்பாளன் நான்தான். எனக்கு மேலே இருப்பவர்கள் யாரும் இதில் இல்லை.

போன குளிர்காலத்தில் அங்கே, இப்போது சோதனை நடந்த கட்டடத்தின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெளியே மைனஸ் இருபத்து நான்கு. நாற்பத்தெட்டு வீடுகள் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தன. காரணம் எளிது. குழாய்களில் வரும் வெந்நீர் யாருக்கும் போதவில்லை; மாலை ஆறு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பி, எல்லோரும் ஹீட்டரைப் போட்டார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தப் புதிய மீட்டர்கள். ஒவ்வொரு வீடும் எவ்வளவு இழுக்கிறது என்பது என் திரையில் ஒரு கோடாக ஓடும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை வீட்டுக்கு ஒரு கிலோவாட். மீறினால் மீட்டர் தானாக அணைந்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வரும். மூன்றாவது முறை மீறினால் எட்டு மணி வரை வராது. முழுக் கட்டடமும் நாற்பத்தைந்து கிலோவாட்டைத் தாண்டாமல் தொடர்ந்து மூன்று மாலை நிற்க வேண்டும். நின்றால் இந்த ஏற்பாடு நகரம் முழுவதற்கும் போகும். இனி எந்தக் கட்டடமும் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடக்காது. இதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

விலக்கு உண்டு. இலையுதிர் காலத்தில் மீட்டர் மாட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போனேன், கையில் ஒரு படிவத்தோடு. ஆறாவது கேள்வி: இயந்திரத்தின் உதவியோடு வாழும் நோயாளி வீட்டில் உண்டா? உண்டு என்று எழுதினால் அந்த வீட்டுக்கு எந்த வரம்பும் கிடையாது. நாற்பத்தெட்டு வீட்டிலும் ஒரே பதில். எல்லோரும் நலம், இறைவனுக்கு நன்றி.

வேறு என்ன எழுதுவார்கள்? என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போனார். கடைசி வாரம்வரை உறவினர்களுக்குப் போனில் லேசான சளி என்றுதான் சொன்னோம், அவர் காதுபடவே. உயிரோடு இருக்கும் மனிதனின் நோயை வாயால் சொல்ல மாட்டோம். காகிதத்தில், அதுவும் கையெழுத்தோடு, எழுதவே மாட்டோம். இது உங்களுக்கும் தெரியும். படிவத்தை மீட்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் தயாரித்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றாம் வீட்டில் துருஸ்பெக் இருந்தார். முப்பது வருடம் நகரத்தின் மின்சார டிராலிபஸ் ஓட்டியவர். நான் போனபோது சமையலறையில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் தரையில் உறுமிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சைகல் என்னை டீ குடிக்காமல் விடவில்லை.

"ஏன் தம்பி, இந்தப் பெட்டி நான் எத்தனை தடவை டீ போடுறேன்னு ஆபீசுக்குச் சொல்லிடுமா?" என்று கேட்டார் துருஸ்பெக்.

"சொல்லிடும், அண்ணே."

"எந்நேரமும் சொல்லுமா?"

"எந்நேரமும்."

"அப்ப எண்ணிட்டிருந்த இவளுக்கு இனி வேலையில்ல."

சைகல் சிரித்துக்கொண்டே கைத்துண்டால் அவர் தோளில் தட்டினாள். அதே மேசையில், அந்த இயந்திரத்தின் உறுமலில் மேசை லேசாக நடுங்கிக்கொண்டிருக்க, படிவத்தை நிரப்பினாள். எல்லோரும் நலம். நான் வாங்கிப் படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன். பொரித்த ரொட்டியில் மூன்று துண்டு சாப்பிட்டேன். அவள் என்ன எழுதியிருந்தாளோ அதையே கணினியில் ஏற்றினேன். ஒருவர் தன் வீட்டைப் பற்றி எழுதிக் கொடுத்ததை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி பதினெட்டு, மூன்றாவது மாலை. முதல் இரண்டும் நன்றாக முடிந்திருந்தன. மைனஸ் இருபத்திரண்டு. ஆறு மணிக்குச் சோதனையைத் தொடங்கினேன். நாற்பத்தொன்றாம் வீட்டின் கோட்டை எனக்கு அடையாளம் தெரியும்: அடியில் முந்நூற்று ஐம்பது வாட், பகலிலும் இரவிலும் அசையாமல், மேசையில் வைத்த அளவுகோல் மாதிரி. அது இயந்திரம். அதன்மேல் ஹீட்டர் ஏறி இறங்கும். முதல் இரண்டு மாலையும் சைகல் ஹீட்டரைப் போடாமலே சமாளித்திருந்தாள். அன்று குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது. ஆறு முப்பத்தொன்றுக்குள் மூன்று முறை மீறிவிட்டது. கோடு அறுந்தது.

மூன்று நிமிடத்தில் எதிர்வீட்டின் கோடு, நாற்பத்திரண்டு, முந்நூற்று ஐம்பது வாட் உயர்ந்து அப்படியே நின்றது. அங்கே இருப்பது தமரா, மழலைப் பள்ளியில் சமையல் செய்பவள். கதவைத் தட்டினால் இவர்கள் என்ன ஏதென்று கேட்பதில்லை, ஒயரை நீட்டிவிடுவார்கள். வேறொரு கட்டடத்தில் நடந்த முந்தைய சோதனை இதனால்தான் கெட்டது. யார் வீட்டு மின்சாரம் யார் வீட்டில் எரிகிறது என்றே சொல்ல முடியவில்லை. அதனால் இந்த முறை விதி எழுதியிருந்தோம்: ஒயர் இழுத்துக் கொடுப்பது கூடாது.

ஆறு ஐம்பதுக்குக் கட்டடத்தின் மொத்தம் நாற்பத்தைந்தைத் தொட்டது. யாராவது ஒருவரை நான் அணைக்க வேண்டும். முப்பதாம் வீட்டில் வெற்று அறைக்கு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் ஊரில் இல்லை என்பதும் தெரியும். ஆனால் அவர்கள் விதியை மீறவில்லை. நாற்பத்திரண்டு மீறியிருந்தது. நாற்பத்திரண்டை அணைத்தேன்.

பிறகு அந்த முந்நூற்று ஐம்பது வாட் ஒரு தளம் கீழே, முப்பத்தேழாம் வீட்டில் தோன்றியது. தமரா ஒயரைப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அந்த வீடும் ஏற்கெனவே விளிம்பில் இருந்தது. ஒரு நிமிடத்தில் அணைந்தது, திரும்பி வந்தது, அணைந்தது. அதை நான் செய்யவில்லை. மீட்டரே செய்தது.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. பதிவை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

"எசென் தம்பி, நான் சைகல் பேசறேன். கரன்ட கொஞ்சம் விடுங்க. பக்கத்து வீட்டுலயும் போயிடுச்சு."

"எட்டு மணிக்கு வந்துடும், அக்கா. சோதனை நடக்குது."

"எட்டு மணி வரைக்கும் முடியாதுப்பா. கொஞ்சம் விடுங்க."

அடுத்து நான் கேட்டது விதிப்படியான கேள்வி. இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் கேட்டே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா, அக்கா?"

பதிவில் அவள் பதிலுக்கு முன்பு பின்னால் ஒரு சத்தம் கேட்கும், விட்டு விட்டு, பீப் பீப் என்று. மின்சாரம் போனால் அந்த இயந்திரம் எழுப்பும் எச்சரிக்கை. அதற்கும் பின்னால் துருஸ்பெக் இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்கும். அவர் அவள் பக்கத்திலேயே இருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"இல்லப்பா," என்றாள் சைகல். "எல்லாரும் நல்லா இருக்கோம். அவரு கிட்டக்கதான் உக்காந்திருக்காரு. நல்லா இருக்காரு. நீங்க கொஞ்சம் கரன்ட விடுங்க."

நோயாளி இல்லை என்று குறித்துக்கொண்டேன். எட்டு மணிக்கு வரும் என்று இன்னொரு முறை சொல்லி போனை வைத்தேன்.

அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அவள் உண்டு என்று சொல்லியிருந்தால் வரம்பை எடுத்திருப்பேன், கோடு நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், மூன்றாவது மாலை கெட்டிருக்கும். சொல்ல மாட்டாள் என்பதால்தான் அவ்வளவு நிதானமாகக் கேட்க முடிந்தது. என் குரலைக் கேட்டுப் பாருங்கள். மிக மரியாதையான குரல்.

ஆம்புலன்ஸ் பனிக்கட்டியில் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது எட்டு ஐந்து. விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாலை நாற்பத்து நான்கு புள்ளி எட்டில் முடிந்தது. நான் பார்த்ததிலேயே அழகான கோடு அதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை கட்டடத்தின் முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டார்கள். நானும் போனேன். போகாமல் இருக்க முடியாது. உள்ளே சைகல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். டிராலிபஸை அவள் வெள்ளைக் குதிரை என்று பாடினாள். வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தீங்களே தம்பி. உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க, அக்கா."

தமரா பெரிய பாத்திரத்துக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஆபீசரே, பொணத்துக்கும் ஒரு கிலோவாட்தானா?" என்றாள்.

கூடாரத்துக்கான ஒயர் நாற்பத்தொன்றாம் வீட்டு ஜன்னலிலிருந்து இறங்கியிருந்தது. மூன்று நாள் விளக்கு அணையக் கூடாது. வந்தவர்களுக்குத் தேநீர் கொதிக்க வேண்டும். சோதனை முடிந்தாலும் மாலை வரம்பு அப்படியே இருந்தது; ஒரு கிலோவாட் போதாது. நான் முற்றத்தில் நின்றபடியே கைப்பேசியில் விலக்குப் பட்டியலைத் திறந்து நாற்பத்தொன்றைச் சேர்த்தேன். நாற்பது நொடிகூட ஆகவில்லை. இப்படி நானே செய்ய முடியும் என்பது முந்தைய நாளும் எனக்குத் தெரியும்.

காரணம் குறிக்காமல் பட்டியல் மூடாது. கொடுத்திருப்பது ஒரே ஒரு காரணம். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்: ஜனவரி பத்தொன்பது, காலை பதினொன்று பத்து, வீடு நாற்பத்தொன்று, என் கையெழுத்து. வீட்டில் நோயாளி உண்டு.