துரையின் வெள்ளைக் குட்டி

மஹாதேவன்: அசையாமப் பிடியும் ஓய்... அடடா! இதென்ன, வலது காலுமா?

லக்ஷ்மிநாராயணன்: என்னது? போன தடவை இடது கால்தானே சொன்னீர், டாக்டர்?

மஹாதேவன்: இப்போ ரெண்டும். முட்டிக்கு மேலே தொட்டுப் பாரும்... கொதிக்கறது.

லக்ஷ்மிநாராயணன்: ஐயையோ! பந்து மாதிரின்னா வீங்கியிருக்கு!

ஜலஜா: ஏன்னா, டாக்டருக்குக் காபி கொண்டு வரட்டுமா?

லக்ஷ்மிநாராயணன்: காபி கிடக்கட்டும் ஜலஜா, இந்தக் குதிரைக்குட்டியை வந்து பாரு. நாளைக்குக் கார்த்தால துரையோட கப்பல் கிடர்பூர் துறைமுகத்துக்கு வந்துடும். “சீமைக்குப் போறேன், உன் பாலிகஞ்ச் வீட்டுல தோட்டம் இருக்கு, லாயம் இருக்கு, என் குட்டியைப் பார்த்துக்கோ”ன்னு ஒப்படைச்சுட்டுப் போனவர்கிட்ட, நொண்டறதையா கொண்டு போய் நிறுத்தறது?

ஜலஜா: நொண்டினா என்ன பண்ணுவாராம்... திட்டுவாரா?

மஹாதேவன்: திட்டினாத் தேவலையே மன்னி. சுட்டுடுவார்.

ஜலஜா: என்னது!

மஹாதேவன்: போன வருஷம் அவரோட பழுப்புக் குதிரை ரேஸ்ல விழுந்தது. தேறிடும், தேறிடும்னு நான் சொல்லிண்டே இருக்கேன்... மனுஷன் துப்பாக்கியை எடுத்துண்டு வந்துட்டார். நொண்டிக்குத் தீனி எதுக்குன்னார்.

ஜலஜா: ரெண்டு வயசு கூட ஆகலையே இதுக்கு... குழந்தைன்னா இது!

லக்ஷ்மிநாராயணன்: பத்துப் போட்டுப் பார்க்கக் கூடாதா ஓய்? ஏதாவது களிம்பு...

மஹாதேவன்: இதுக்கு மருந்தே இல்லை. அடிபடலை, ஆணி குத்தலை. இது வளர்ற வலி. தீனி ஜாஸ்தியானா உடம்பு மடமடன்னு கனத்துடும். எலும்பு கெட்டிப்பட நாளாகும். அத்தனை பாரத்தையும் இந்த இளசு முட்டிதானே தாங்கணும்? அதனாலதான் கொள்ளு கூடாது, காஞ்ச புல்லு மட்டும் போடுங்கோ, ஓட விடாம மெத்துனு இருக்கற தரையில நடத்துங்கோன்னு அன்னிக்கே சொன்னேன்.

லக்ஷ்மிநாராயணன்: அப்படியேதானே பண்ணிண்டிருக்கேன்!

மஹாதேவன்: பண்ணினா இளைச்சிருக்கணுமே. இது கல்யாண மாப்பிள்ளை மாதிரி தளதளன்னு நிக்கறது! யாரோ ஊட்டி விடறா.

லக்ஷ்மிநாராயணன்: யார் ஊட்டறது? திருட்டுத்தனமா கொள்ளு போட்ட குதிரைக்காரன் ரஹ்மத்தைத்தான் அப்பவே துரத்தியாச்சே. நீர்தானே சொன்னீர்...

மஹாதேவன்: நான் எங்கே ஓய் சொன்னேன்? யாரோ போடறான்னு சொன்னேன். அது ரஹ்மத்துதான்னு முடிவு கட்டினது நீர்.

லக்ஷ்மிநாராயணன்: அல்லா மேலே சத்தியம் பண்ணி அழுதான் அவன்... நான் காதுலயே வாங்கிக்கலை.

மஹாதேவன்: அவன் போனப்புறம்தானே வீக்கம் ஜாஸ்தியாயிருக்கு? அப்போ அவன் போடலை.

லக்ஷ்மிநாராயணன்: அடப் பாவமே... கர்ப்பிணிப் பொண்டாட்டியை வெச்சுண்டு எங்கே போனானோ...

ஜலஜா: நான்... நான் போய்க் காபி...

மஹாதேவன்: மன்னி, ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்கோ. ஓய், குட்டி எங்கே போறது பாரும்!

லக்ஷ்மிநாராயணன்: ஹேய்! ஜலஜா, முந்தானையை இழுக்கறது பாரு... விடு, விடு!

மஹாதேவன்: ஏன் அந்த முந்தானையை மட்டும் அப்படி மோந்து மோந்து பார்க்கறது? வாயைத் திறடா ராஜா... ஆ... இதென்ன ஓய் கூத்து! ஏலக்காய் வாசனை வர்றது!

லக்ஷ்மிநாராயணன்: குதிரை வாயிலயா?

மஹாதேவன்: நீரே மோந்து பாரும். மூக்கு மேலே பிசுபிசுன்னு... நெய்! நல்ல உருக்கின நெய்!

லக்ஷ்மிநாராயணன்: ஜலஜா... என்னடி இது?

ஜலஜா: முந்தானையை அலம்பிண்டு வந்துடறேன்...

லக்ஷ்மிநாராயணன்: வாயைத் திறந்து சொல்லு!

ஜலஜா: கடலைப்பருப்பு... வெல்லம், தேங்காய்... கொஞ்சம் நெய்.

மஹாதேவன்: பகவானே! குதிரைக்கா?

ஜலஜா: குதிரைக்கு இல்லை. ஹயக்ரீவருக்கு.

லக்ஷ்மிநாராயணன்: என்னது?

ஜலஜா: டிபார்ட்மெண்ட் பரீட்சைன்னு நீங்கோ தலையைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருந்தேளே, அந்த வெள்ளிக்கிழமைதான் இது நம்மாத்துக்கு வந்தது. வெள்ளை வெளேர்னு... வித்தைக்கெல்லாம் தெய்வம், குதிரை முகத்தோட, அவரே தேடிண்டு வந்து வாசல்ல நிக்கறார்னு எனக்குத் தோணித்து. நீங்கோ பாஸ் பண்ணணும், தினம் அமுது செய்யப் பண்றேன்னு வேண்டிண்டுட்டேன்.

மஹாதேவன்: அவருக்கு முகம் மட்டும்தான் மன்னி குதிரை. இதுக்கு வயிறும் குதிரையாச்சே!

லக்ஷ்மிநாராயணன்: தினமும் நெய் வாசனை வர்றதே, என் இலையில மட்டும் ஏன் ஒண்ணும் விழலைன்னு நான் யோசிச்சிண்டிருக்கேன்...

மஹாதேவன்: எவ்வளவு போடுவேள்? ஒரு கிண்ணம் இருக்குமா?

ஜலஜா: முதல்ல கிண்ணம்தான். முட்டி முட்டிக் கேக்கும்... பரீட்சை முடிஞ்சப்புறம், ரிசல்ட் நல்லபடியா வரணுமேன்னு கவலை. அதனால... உருளியோட.

மஹாதேவன்: முழு உருளிப் பாத்திரத்தோடயா!

லக்ஷ்மிநாராயணன்: ரஹ்மத் அழறச்சே நீ கதவுக்குப் பின்னாலதானே நின்னுண்டிருந்தே? பார்த்துண்டா நின்னே?

ஜலஜா: பார்த்துண்டுதான் நின்னேன். வேண்டுதலை வெளியிலே சொன்னா பலிக்காதுன்னு பயம்... அவன் மூட்டையைத் தூக்கிண்டு போறச்சே கூப்பிட்டுச் சொல்லிடலாமான்னு வாசப்படி வரைக்கும் வந்தேன். அப்பவும் வாயைத் திறக்கலை. மஹாபாவம் பண்ணிட்டேன்.

லக்ஷ்மிநாராயணன்: நாளைக்கே ஆளை விட்டுத் தேடி, நான் அவன் கையைப் பிடிச்சுண்டு மன்னிப்புக் கேக்கணும். சரி... இப்போ இதுக்கு வழி சொல்லும் ஓய்.

மஹாதேவன்: வழி இருக்கு. இன்னியோட ஊட்டறதை நிறுத்தினா, குளிர் முடியறதுக்குள்ளே வீக்கம் வத்திடும். எலும்பு கெட்டிப்பட்டா நொண்டினதே தெரியாது. நாளைக்கு நானும் துறைமுகத்துக்கு வரேன். துரைகிட்ட அவகாசம் கேக்கறேன்.

லக்ஷ்மிநாராயணன்: கேப்பாரா?

மஹாதேவன்: தீனி நின்னாச்சுன்னு நான் வாக்குக் கொடுத்தா கேக்கலாம். அதுக்கப்புறம் ஒரு பிடி விழுந்தாலும், அவர் துப்பாக்கியை எடுக்கறச்சே நான் குறுக்கே நிக்க முடியாது. என்ன மன்னி, வாக்குக் கொடுக்கலாமா?

ஜலஜா: முடியாது.

லக்ஷ்மிநாராயணன்: ஜலஜா!

ஜலஜா: ரிசல்ட் வர்ற அன்னிக்குத்தான் பூர்த்தி பண்றேன்னு பெருமாள்கிட்ட சொல்லியிருக்கேன். நடுவிலே நிறுத்தினா நீங்கோ...

லக்ஷ்மிநாராயணன்: நான் எப்படியோ போறேன். நிறுத்து!

ஜலஜா: உங்களுக்கென்ன, சொல்லிடுவேள்! உங்களுக்குப் பின்னாலே வேலைக்கு வந்தவாளெல்லாம் ஆபீசராயிட்டான்னு சாப்பாடு இறங்காம இருந்தது யாரு? உங்க பரீட்சைக்காக வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் பட்டினி கிடந்தது பொய்யா?

லக்ஷ்மிநாராயணன்: பட்டினியா! இதை ஏண்டி என்கிட்ட சொல்லலை?

மஹாதேவன்: அப்போ இது சாகட்டுமா மன்னி?

ஜலஜா: அப்படிச் சொல்லாதேங்கோ! எப்படி நம்பிண்டு பார்க்கறது பாருங்கோ... டாக்டர், ஒரே ஒரு சின்ன உருண்டை? பேருக்கு?

மஹாதேவன்: இன்னிக்கு சின்ன உருண்டைம்பேள். அது முட்டினா நாளைக்கு உருளி வரும். நான் பொய் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

ஜலஜா: ஏன்னா, ரிசல்ட் என்னிக்கு வர்றதுன்னாவது கேட்டுச் சொல்லுங்கோளேன். ரெண்டு நாள்ல வந்துடும்னா, துரை கால்ல நானே விழுந்து...

லக்ஷ்மிநாராயணன்: ரிசல்ட்டைப் பத்தி இப்போ என்ன பேச்சு?

ஜலஜா: ஏன் தலையைக் குனிஞ்சுண்டு நிக்கறேள்? ரிசல்ட் வந்துடுத்தா?

லக்ஷ்மிநாராயணன்: இல்லை...

ஜலஜா: வந்துடுத்து. மறைக்கறேள். ஃபெயிலா?

லக்ஷ்மிநாராயணன்: ஃபெயிலும் இல்லை.

ஜலஜா: பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லைன்னா வேற என்ன? சொல்லித் தொலையுங்கோ!

லக்ஷ்மிநாராயணன்: நிறுத்திடு ஜலஜா, உன் வேண்டுதலுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு ரிசல்ட்டே வராது. தோத்துட்டா உன் முகத்துல எப்படி முழிக்கறதுன்னு நான் அன்னிக்குப் பரீட்சைக்கே போகலை. ஹவுரால ரயில் ஏறி, சாந்த்ராகாச்சி பிளாட்பாரத்துல நாள் பூரா உட்கார்ந்து, நீ கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்தேன்.