ஹரிஹரசுப்பிரமணியன் பேரில் உள்ள குறிப்பு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேலாளர் திரு. சந்தானகிருஷ்ணன் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் திரு. ஆதித்தன் அவர்களே, முன்வரிசையில் துக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விஜயம் அம்மா அவர்களே, மகள் அகிலாண்டேஸ்வரி, செங்கோட்டைக் கிடங்கிலிருந்து லாரியில் நின்றுகொண்டே வந்திருக்கும் லோடுமேன் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் தலைமை எழுத்தர் குற்றாலிங்கத்தின் வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாகும். அசதியாக இருக்கிறது, மெதுவாகத்தான் பேச முடியும். பதினைந்து மாதமாகவே எனக்கு அசதிதான்.

நம் பார்சல் சர்வீஸின் கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர், மரியாதைக்குரிய ஹரிஹரசுப்பிரமணியன் போய்ப் பதினேழு நாளாகிறது. ஐம்பத்திரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கோட்டை பஸ் நிலையத்தில், மடியில் ஆபீஸ் பையை வைத்து உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அங்கே என்ன வேலை? ஆபீஸ் பை எதற்கு? அதைச் சொல்லத்தான் இந்த மைக்கை நானே கேட்டு வாங்கினேன்.

அவர் பார்த்த வேலை இங்கே பலருக்குத் தெரியாது. உள் அறையில் ஒரு பெரிய மெஷின். அதிலிருந்து ஒயர் இழுத்து வெளியே மூன்று மேஜைகளில் மூன்று திரை. பார்சல் காணாமல் போனாலும், லாரி மோதினாலும், தொழிலாளி அடிபட்டாலும் அது ஒரு கேஸ். யார் புகார் கொடுத்தார், நாம் என்ன பதில் சொன்னோம், அடுத்த வாய்தா என்றைக்கு, எல்லாம் அந்த மெஷினுக்குள் இருக்கும். எண்பத்தாறில் அது வந்தபோது முதலில் எதிர்த்தவன் நான். அவர் சண்டைக்கு வரவில்லை. முதல் திரையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டார். அதோடு என் எதிர்ப்பு முடிந்தது.

மெஷின் வந்த தைரியத்தில் புகார்ச் சீட்டுகளை மாதாமாதம் எடைக்குப் போட்டோம். என்ன ஒரு புத்திசாலித்தனம்! வேண்டாம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். கேட்டோமா?

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவர் கேஸ்களைப் பிளாப்பி என்ற சின்னத் தட்டுகளில் நகல் எடுப்பார். சாரல் காலத்தில் உப்பு ஜாடியே தண்ணீர்விடும் ஊர் இது. பிளாப்பி மட்டும் என்ன செய்யும்? பூஞ்சை பிடிக்கும். அதனால் மறுநாள் காலை நகலை மெஷினில் போட்டுப் படித்துப் பார்த்து, "படித்தது, சரி" என்று பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். எடுத்தவரே சரிபார்க்கக் கூடாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். அது அவர் வைத்த விதி.

அந்த இன்னொருவர் நான்தான்.

நான் படித்துப் பார்த்தேனா? முதல் மாதம் பார்த்தேன். அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் ஆறு நாளைக்கும் கையெழுத்துப் போட்டேன். ஒரே மையாக இருந்தால் தெரிந்துவிடுமே என்று நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும் மாற்றி மாற்றி எழுதினேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்!

போன வருஷம் ஆனி மாதம், மெஷினில் இருந்த புரோகிராமை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பழைய கேஸ்களைப் புதிய புரோகிராமுக்கு மாற்றும்போது வேலை பாதியில் நின்றது. மெஷினில் இருந்த கேஸ்களும் அழிந்துபோயின. "பயப்படாதீங்கோ, நகல் இருக்கு" என்றார் ஹரிஹரசுப்பிரமணியன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பத்துப் பிளாப்பியில் ஆறை மெஷினால் படிக்க முடியவில்லை. நூற்று நாற்பத்து மூன்று கேஸ்கள் போய்விட்டன!

விசாரணை நடந்தது. மேலாளர் அவர்களே, யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். "மெஷின் என் பொறுப்பு சார், பிளாப்பியும் என் பொறுப்பு" என்றார். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. பதிவேடு என் கக்கத்தில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் உள்ள போயிச் சொல்லிருதேன்" என்றேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"சொல்லாதீங்கோ அண்ணாச்சி. மெஷின் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான், எனக்கு மெமோ குடுத்துட்டு விட்டுடுவா. உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவா. அந்த ஆறு பிளாப்பிய நீங்க படிக்கலைன்னு எனக்குத் தெரியும். மூணு மாசமாத் தெரியும். கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துது."

கேட்கக் கூச்சப்பட்டாராம்! அந்த மனிதரைத்தான் "அலட்சியம்" என்று எழுதி வைத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. ஆபீஸ் பையைத் தூக்கிக்கொண்டு, புகார் கொடுத்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய், அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு வந்தார். வேலை நாள் சாயங்காலம் நாங்கள் ஐந்தருவியில் கடலை வாங்கினால் கடலையை என் கையில் கொட்டிவிட்டுப் பொட்டலத் தாளைப் பிரித்துப் படிப்பார். நம் சீட்டு இரண்டு அப்படித்தான் கிடைத்தன. செங்கோட்டை மிளகு வியாபாரி சேக் தாவூது, "ஐயரே, எம் மூட்டைய லாரி முழுங்குச்சு, புகாரைப் பொட்டி முழுங்கிட்டு. ஒங்க கம்பெனியில எல்லாத்துக்கும் இம்புட்டுப் பசியா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாராம்.

குத்துக்கல்வலசையில் அப்படி நடக்கவில்லை. நம் லோடுமேன் சங்கிலிப்பாண்டியின் கால் மேல் பெட்டி விழுந்து ஒடிந்த கேஸும் போயிருந்தது. அவர் மனைவி மாடத்தி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாளாம்: "ஒங்க பொட்டியில இல்லைன்னா, அவுக காலு ஒடியலன்னு ஆயிருமாய்யா?" திங்கட்கிழமை காலை ஹரிஹரசுப்பிரமணியன் என் திரைப் பக்கத்தில் வந்து நின்று, "அந்தம்மா சொன்னதை அப்படியே அடியுங்கோ அண்ணாச்சி, ஒரு எழுத்து மாத்தாதீங்கோ" என்றார். அடித்தேன். இன்றும் அந்த கேஸில் முதல் வரி அதுதான்.

பதினைந்து மாதத்தில் நூற்று நாற்பது கேஸ்களைத் திரும்ப ஏற்றினார். நானும் வருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இந்தக் குற்றாலிங்கம் சொல்லவில்லை. முட்டுவலி என்றேன். வலி நிஜம்தான். ஆனால் காரணம் அது இல்லை. அந்த வாசல்களில் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

விஜயம் அம்மா, உங்கள் கணவர் ஏன் அலைந்தார் என்று நீங்கள் பலமுறை என்னிடம் கேட்டீர்கள். தெரியாது என்றேன். பொய் சொன்னேன்.

இன்றைக்கு ஏன் சொல்கிறேன்? அவர் போன பிறகாவது மனசு சுத்தமாகட்டும் என்றா? அப்படியானால் வீட்டிலேயே அழுதிருப்பேன். விஷயம் வேறு. அப்பா வேலை பார்த்த இடத்தில் வாரிசு வேலை கேட்டு அகிலாண்டேஸ்வரி மனுக் கொடுத்தாள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த பெண். "தந்தையின் பணிப் பதிவேட்டில் அலட்சியக் குறிப்பு இருப்பதால் பரிசீலிக்க இயலாது" என்று போன வாரம் பதில் போயிற்று. அந்தக் கடிதத்துக்கு எண் போட்டு, உறை ஒட்டி அனுப்பியவன் நான்! ஒட்டிய கை இன்னும் கூசுகிறது.

தோழர்களே, மீதி மூன்று கேஸ்களை நான் தேடி முடிப்பேன். இனி ஒவ்வொரு நகலையும் காலையில் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திடுவேன், என்னை வேலையில் வைத்திருந்தால். இது அவருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மேலாளர் அவர்களே, பதிவேட்டையும் என் ஒப்புதல் கடிதத்தையும் உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன தண்டனையோ அதை நாளைக்குச் சொல்லுங்கள், அவசரமில்லை. அவர் பேரில் உள்ள அலட்சியக் குறிப்பை அடித்து நீக்குவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் இந்தப் பெண் கேட்க, இப்போதே சொல்லுங்கள். மைக்கை உங்கள் பக்கம் திருப்புகிறேன். முட்டு வலிக்கிறது சார், ஆனாலும் நீங்கள் சொல்லும்வரை நான் உட்காரமாட்டேன்.